கனகத்தின் குடிசூடு

தேநீர் இடைவேளை பத்து நிமிடம். முதல் சங்குக்கும் இரண்டாம் சங்குக்கும் இடையில் அந்தப் பத்து நிமிடம் எவ்வாறு செலவாகிறது என்பதை, நேர அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நான் ஒருமுறை கடிகாரம் வைத்துக் குறித்திருக்கிறேன். உற்பத்தி லைனிலிருந்து கேன்டீனுக்கு நடக்க இரண்டரை நிமிடம். திரும்பி நடக்க இரண்டரை. வரிசையில் நிற்க இரண்டு. ஆக, குடிப்பதற்கு எஞ்சுவது மூன்றே நிமிடம். அந்த மூன்று நிமிடத்தை எங்களுக்கு ஏழாண்டுக் காலம் காப்பாற்றிக் கொடுத்தவர் கனகம்.

மண்ணூருக்கு அருகில் இருந்தது எங்கள் தொழிற்சாலை. கார்க் கதவின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சிறு பாகத்தைச் செய்துவந்தோம். ஒரு ஷிப்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் பாதிப்பேர் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கங்களிலிருந்து வந்து, அறைக்கு ஆறு பேராக வாடகைக்குத் தங்கியிருந்த இளைஞர்களும் பெண்களும். மற்றவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்தினர். 1998இல் தொழிற்சாலை திறந்த மாதமே கேன்டீன் ஒப்பந்ததாரர் அண்ணாதுரை கனகத்தைத் தேநீர் போடுவதற்கு அழைத்து வந்துவிட்டார்.

அதற்கு முன்பு கனகம் வல்லக்கோட்டையில் சாலையோரமாகத் தேநீர்க்கடை வைத்திருந்தார். கிருத்திகை நாளில் முருகனைத் தரிசித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிற கூட்டம் அவருடைய வாடிக்கை. நடத்துநர் விசில் கொடுப்பதற்குள் குடித்துவிட்டு ஏற வேண்டியவர்கள் அவர்கள். நாக்கு சுட்டால் பாதியை வைத்துவிட்டு ஏறிவிடுவார்கள். அடுத்த கிருத்திகைக்கு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஆகவே, கையில் வாங்கிய மாத்திரத்தில் குடிக்கக்கூடிய தேநீரை ஊற்ற அவர் பழகிக்கொண்டார். சாலையை அகலப்படுத்தியபோது கடை போனது, பழக்கம் தங்கிவிட்டது.

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், கொதிக்கிற தேநீரை வாங்கியே பழகியவர்களைப் போல டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க, தலையில் வெள்ளைத் துணித் தொப்பி அணிந்த பெண்மணி எதிரில் வந்து நின்றார்.

“இன்னா சார், டீய வேடிக்கை பாத்துனுகீறீங்க?”

“கொஞ்சம் ஆறட்டும்னு வச்சிருக்கேன்மா.”

“ஆற வச்சித்தான் குடுத்துகீறேன். இன்னொரு தபா ஆறுச்சின்னா அது டீ இல்ல, கொழந்தைய குளிப்பாட்ற தண்ணி. இப்ப குடிசூடா கீது, குடிங்க.”

குடித்தேன். சூடாக இருந்தது, சுடவில்லை.

‘குடிசூடு’ என்ற சொல்லை அதற்கு முன்பு நான் வேறெங்கும் கேட்டதில்லை. நாளடைவில் கனகத்திடம் சூட்டுக்கு ஒரு வரிசையே இருப்பதைத் தெரிந்துகொண்டேன். பாலுக்கு வேண்டியது கொதி. இட்லிக்குச் சுடச்சுட. சுளுக்கிய காலுக்கு ஒத்தடம் கொடுக்க, கைபொறுக்கும் சூடு. பச்சைக் குழந்தையின் உடம்பில் ஊற்ற வெதுவெதுப்பு. உறைமோர் விடும் பாலுக்கு இளஞ்சூடு. இவற்றுள் எதுவும் தேநீருக்கு ஆகாது, தேநீருக்குக் குடிசூடு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை யாராவது சொன்னால் அவர் திருத்தாமல் விடமாட்டார்.

அதை அவர் அறிந்த வழி எளிமையானது. ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வயிற்றை முழு உள்ளங்கையாலும் பற்றிக்கொள்வார், மனத்துக்குள் எண்ணுவார். நான்கில் கையை எடுக்க வேண்டியிருந்தால் அது இன்னும் சூடு. ஏழு வரை பிடிக்க முடிந்தால் குடிசூடு. பத்து வரை சும்மா பிடித்திருக்க முடிந்தால் ஆறிவிட்டது. திரும்ப அடுப்புக்குப் போகும். ஒருநாள், பழுதுபார்ப்புப் பிரிவிலிருந்து நீண்ட கம்பிமுனை கொண்ட வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி, அவர் அறியாமல் என் டம்ளரில் வைத்துப் பார்த்தேன். அறுபது டிகிரி. மறுவாரமும் பார்த்தேன், அறுபத்தொன்று.

இருநூற்றுப் பன்னிரண்டு டம்ளரையும் அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கவில்லை என்பது வெளிப்படை. அதற்கு அவர் நேரத்தைப் பயன்படுத்தினார். சங்கு ஊதுவதற்குச் சற்று முன்பே தட்டுகளில் டம்ளர்களைப் பரப்பி ஊற்றிவிடுவார். சித்திரை வைகாசியில் ஐந்து நிமிடம் முன்பு. ஐப்பசி மழையில் மூன்று. மார்கழியில் இரண்டுக்கும் குறைவு. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஊற்றுவார். ஆட்கள் நடந்து வந்து கை நீட்டும்போது தேநீர் குடிசூட்டுக்கு வந்திருக்கும். வரிசை என்று ஒன்று பெயருக்குத்தான் இருக்கும். எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதான்.

2002 ஆகஸ்டு வரை இது இடையூறின்றி நடந்தது. அந்த மாதம் எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். எந்திரங்களைப் பார்த்தபின் கேன்டீனையும் பார்த்தார். காலை இடைவேளைக்கு நான்கு நிமிடம் இருந்தது. திறந்த டம்ளர்களில் தேநீர் ஆவி விட்டுக்கொண்டிருந்ததை அவர் விரும்பவில்லை. ஈ விழும், தூசி விழும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. கையிலிருந்த ஆங்கிலத் தாளில் இரண்டு குறிப்புகளைச் சுட்டி, தாளை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். சூடான பானம் எண்பது டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது ஒன்று. பானத்தைத் திறந்த பாத்திரத்தில் முன்கூட்டியே வைக்கக்கூடாது என்பது மற்றொன்று.

கல்லூரியில் தமிழ் படித்தவன் என்பதால் அறிவிப்புப் பலகைக்குத் தமிழில் எழுதும் வேலை எப்போதும் என்னுடையது. இரண்டு குறிப்புகளையும் இணைத்து ஒரே வாக்கியமாக்கினேன்: ‘தேநீர், பணியாளர் வந்தபின், எண்பது டிகிரிக்குக் குறையாத சூட்டில் டம்ளரில் ஊற்றப்பட வேண்டும்.’ பிழையற்ற வாக்கியம். ஒட்டிவிட்டு நின்று ஒருமுறை படித்தும் பார்த்தேன். குறை எதுவும் தென்படவில்லை.

மறுநாள் காலை பத்து மணிச் சங்கு ஊதியது. கனகம் வெறும் தட்டுகளோடு நின்றார். வரிசை நகர நகர, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்திலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினார். முதலில் வாங்கியவள் செல்லக்கனி. கோவில்பட்டிப் பெண், அசெம்பிளி லைனில் இருந்தவள். ஒரு மிடறு குடித்ததும் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“என்னக்கா இது, உலையில இருந்து மோந்து ஊத்துதீங்க?”

“போர்டுல ஒட்டிகீறாங்க, போய் படி.”

“படிச்சிட்டுத்தான் வாரேன். எண்பதுன்னு போட்டிருக்கு. என் நாக்கு அவ்வளவு படிக்கலக்கா.”

சொல்லிக்கொண்டே அவள், சூடான எதையும் கையில் வாங்கிய நம்மவர் யாரும் செய்வதைச் செய்தாள். அடுக்கிலிருந்து இன்னொரு டம்ளரை எடுத்தாள்; இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மாற்றி ஆற்றத் தொடங்கினாள். அடுத்தவளும் இரண்டாவது டம்ளர் எடுத்தாள். அதற்கடுத்தவனும் எடுத்தான். கேன்டீன் முழுவதும் கைகள் உயர்ந்தும் தாழ்ந்தும் ஆற்றின. எங்களிடம் இருந்தவை இருநூற்று முப்பது டம்ளர்கள். வரிசையின் நடுப்பகுதிக்கு வரும்போதே அடுக்கு காலியாகிவிட்டது.

வரிசையின் கடைசியில் நின்றவர் கோமதிநாயகம். சங்கரன்கோவில்காரர், லைனுக்குப் பொறுப்பாளர்.

“ஏ பிள்ளைகளா, ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கிட்டு மத்ததக் குடுங்க. இங்க நூறு பேரு வெறுங்கையா நிக்கோம்.”

“வாயத் தொறந்துக்கிட்டு நில்லுங்க அண்ணாச்சி, இங்கயிருந்தே ஆத்தி ஊத்துதேன்” என்றாள் செல்லக்கனி.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் இரண்டாம் சங்கு ஊதிவிட்டது. பாதி குடித்தவர்கள் மீதியைக் கழிவு வாளியில் கொட்டினார்கள். குடிக்காதவர்கள் அசையாமல் நின்றார்கள். தரையெல்லாம் தேநீர் சிந்தி வழுக்கியது. லைன் நான்கு நிமிடம் தாமதமாக ஓடத் தொடங்கியது. மறுநாள் ஐந்து நிமிடம். மூன்றாம் நாள் உற்பத்தி மேலாளர் கூட்டம் கூட்டினார். பரிமாறுவதில்தான் தாமதம் என்றும், பொத்தானை அழுத்தினால் தேநீர் தரும் இயந்திரத்தை வாங்கிவிடலாம் என்றும் கூட்டத்தில் பேசினார்கள். மூலையில் உட்கார்ந்து அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை அண்ணாதுரை கேன்டீனில் கனகத்திடம் பேசிக்கொண்டிருந்தபோது, மறுநாளுக்கான உணவு எண்ணிக்கையைக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன்.

“திங்கக்கெழம மெஷின் காட்டறதுக்கு ஆளு வரான்மா. புட்சிப்போச்சின்னா டீக்கு ஆளு வாணாம்னு சொல்ட்டாங்க.”

“பாத்திரம் கழுவுற வேலையாச்சும் குடுண்ணே.”

“அதுக்கு ஏற்கெனவே ரெண்டு பேரு கீறாங்க. நான் இன்னா பண்றது, சொல்லு.”

“நான் இன்னா பண்றதுன்னும் நீயே சொல்லிட்டுப் போ. கடை போட்டுனு இருந்த எடத்துல இப்ப லாரி போவுது. நடுரோட்லதான் அடுப்பு வைக்கணும்.”

அண்ணாதுரை கெட்டவர் அல்லர். தலையைச் சொறிந்துகொண்டே குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு பண்ணு. எப்பவும் போல முன்னாடியே ஊத்து. கேட்டாங்கன்னா எண்பதுன்னு நான் எழுதிக் குடுத்துக்கிறேன். எவன் வந்து பாக்கப்போறான்?”

“ஒருத்தன் வந்து கம்பிய உட்டுப் பாத்தான்னா, கனகம் பொய்க்கணக்கு எழுதி ஏமாத்துனான்னுதான் பேரு வரும். மெஷினாலதான் போனேன்ற பேராச்சும் மிஞ்சட்டும். வாணாம்ணே.”

அவர் போனபின் கனகம் என் பக்கம் திரும்பினார்.

“போர்டுல இருக்கறது நீங்க எழுதுனதுதான சார்?”

ஆம் என்றேன்.

“நல்லாத்தான் எழுதிகீறீங்க. டீ ஊத்தறவளுக்கு எழுதிகீறீங்க. குடிக்கறவனுக்கு ஒரு வார்த்தையும் எழுதல.” பின்பக்கம் அழைத்துச் சென்று கழிவு வாளிகளைக் காட்டினார். “முன்ன ஒரு வாளில அடி நனையும். இப்ப பாருங்க.”

இரண்டு வாளிகள் விளிம்புவரை நிறைந்திருந்தன. அன்றைய தேநீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி அந்த ஆங்கிலத் தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். எண்பது டிகிரி என்று இருந்தது. எந்த இடத்தில் எண்பது என்று இல்லை. முன்கூட்டியே திறந்து வைக்கக்கூடாது என்று இருந்தது. டம்ளரில்தான் அளக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. தனித்தனியே நின்ற இரண்டு குறிப்புகளை ஒட்டவைத்து, டம்ளருக்குள் எண்பது டிகிரியைக் கொண்டுபோய் வைத்தவன் நான்தான்.

வெள்ளிக்கிழமை, பணியாளர் நலனுக்குப் பொறுப்பான அலுவலர் இளம்பரிதியிடம் தாளைக் காட்டி இதைச் சொன்னேன். முப்பது வயதைத் தாண்டாதவர், எச்சரிக்கையானவர். கேன்டீனுக்கே வந்தார். வாளிகளைப் பார்த்தார்.

“எண்பதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம்மா. அத மீற முடியாது” என்றார் கனகத்திடம்.

“மீறச் சொல்லல சார். அந்தக் கம்பிய அடுப்புல வைங்க. அங்க எண்பது இன்னா, தொண்ணூறே காட்டும். குடிக்கறவன் வாயில வைக்காதீங்க, அவ்ளோதான். நாளைக்கு ஒரு வேளை என் இஷ்டத்துக்கு உடுங்க.”

“தொறந்து வைக்கக்கூடாதே?”

“தொறக்கல. மூடி போட்ட கேன்ல குடுக்கறேன்.”

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு இளம்பரிதி அடுப்பருகில் நின்றார். வெப்பமானி தொண்ணூற்று நான்கு காட்டியது, எழுதிக்கொண்டார். பிறகு கனகம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு பெரிய குண்டான்களுக்கிடையே தேநீரை நீண்ட கைப்பிடிக் குவளையால் தூக்கி ஊற்றத் தொடங்கினார். செல்லக்கனிகள் இருநூறு பேர் வெளியே தனித்தனியாகச் செய்த வேலையை அவர் ஒருவராக உள்ளே செய்தார். அடுப்பறையின் வெக்கையில் அவர் முகம் வியர்த்தது. நடுவில் ஒரு டம்ளரில் பிடித்து, உள்ளங்கையால் பற்றினார். ஐந்தில் விட்டுவிட்டார். மறுபடி ஊற்றினார். மறுபடி பற்றினார். உதடுகள் அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வரை அசைந்தன. தேநீரைக் குழாய் வைத்த இரண்டு கேன்களுக்கு மாற்றி மூடியை அழுத்தினார். சங்குக்கு ஒரு நிமிடம் இருந்தது.

செல்லக்கனி வந்தாள். குழாயில் பிடித்த டம்ளரை ஒரு கையில் வாங்கிக்கொண்டே மறு கையை அடுக்குக்கு நீட்டினாள்.

“அத வைடி. குடிசூடு.”

அவள் ஐயத்தோடு உதட்டருகே கொண்டுபோனாள். பிறகு நின்ற நிலையிலேயே பாதியைக் குடித்துவிட்டாள். “அண்ணாச்சி, வாய மூடிக்கிடலாம். ஒழுங்கா டம்ளர்லயே வருது” என்று பின்னால் பார்த்துச் சொன்னாள்.

இரண்டாம் சங்கு ஊதியபோது கேன்டீனில் நாங்கள் மூவர்தான் இருந்தோம். தரை காய்ந்திருந்தது. வாளியில் அடி மட்டும் நனைந்திருந்தது. இளம்பரிதி தமக்கு ஊற்றியதை முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“இதுக்கு ஒரு பாரம் போட்டுக் கொண்டாங்க சார்” என்றார் என்னிடம். “ரெண்டு வரி போதும். அடுப்புல எவ்வளவுன்னு ஒண்ணு. கையில குடுக்கும்போது எப்படி இருக்கணும்னு ஒண்ணு.”

படிவத்தின் முதல் வரி எளிதாக முடிந்தது. இரண்டாவது வரியில் நெடுநேரம் நின்றேன். ‘மிதமான சூடு’ என்று எழுதி அடித்தேன். அது எவருக்கும் எதையும் சொல்லவில்லை. ‘இளஞ்சூடு’ என்றால் கனகம் உறைமோரைத் தேடுவார். ‘வெதுவெதுப்பு’ என்றால் குழந்தையைக் கேட்பார். ‘வெப்பம்’ என்பது வெப்பமானி பேசும் சொல். அதற்குக் கையும் கிடையாது, நாக்கும் கிடையாது. அகராதியைப் புரட்டினேன். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, ‘குடிசூடு: ஆம் / இல்லை’ என்று எழுதினேன். பலகையிலிருந்த என் பழைய வாக்கியத்தை நானே கிழித்தெடுத்தேன்.

திங்கட்கிழமை இயந்திரக்காரர் வந்தார். உற்பத்தி மேலாளர் அவரைச் சந்திக்கவில்லை. லைன் சரியான நேரத்தில் ஓடிவிட்டபின் அவருக்கு அதில் ஆர்வமும் இல்லை. கேன்டீனில் கனகத்தின் தேநீரைக் குடித்துவிட்டு இயந்திரக்காரர் திரும்பிப் போனார். அடுத்த மாதம் ஆய்வாளர் திரும்ப வந்தபோது, பாரத்தின் இரண்டாம் வரிக்குப் பொருள் கேட்டார். இளம்பரிதி விளக்கம் சொல்ல முற்படாமல் ஒரு டம்ளரை நீட்டினார். ஆய்வாளர் நின்றுகொண்டே குடித்தார். குடித்து முடித்துவிட்டு ஒரு டிக் போட்டார்.

கனகம் அதன்பிறகு மூன்றாண்டுகள் எங்களோடு இருந்தார். 2005இல் கேன்டீன் ஒப்பந்தம் வேறொருவருக்குப் போனது. அவர் தம் ஆட்களோடு வந்தார். ஓராண்டுக்குள் இயந்திரங்களும் வந்தன. அதற்கு முன்பே கனகம் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு வெளியே, ஒரகடம் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தருகே கடை வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மறுவருடம் ஒருநாள் காலை தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கிய நான், ஆட்டோவைத் தவிர்த்துவிட்டுக் கடைக்குப் போனேன். வெள்ளைத் தொப்பி இல்லை, மற்றபடி அவரேதான். உட்காரச் சொன்னார். நெடுநேரம் பழைய ஆட்களைப் பற்றிக் கேட்டார். செல்லக்கனிக்குக் கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டதைச் சொன்னேன். அடுத்த ரயிலுக்காக ரயில்வே கேட்டை மூடும் மணி அடித்தது. பேச்சை நிறுத்திவிட்டுக் கனகம் எழுந்தார். தட்டில் பன்னிரண்டு டம்ளர்களைப் பரப்பி ஊற்றி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினார்.

“கேட்டு போட்டா நாலு நிமிசத்துல ரயிலு” என்றார். “எறங்கனதும் ஆட்டோக்காரன் கத்துவான். அதுக்குள்ள குடிக்கணும்.” பிறகு, “அந்தப் பாரம் இன்னும் கீதா சார்?” என்று கேட்டார்.

“இருக்கு. அதையேதான் நகல் எடுத்து எடுத்து வச்சிருக்காங்க.”

“மெஷின் டீக்கு அதுல இன்னா போடறாங்க?”

“முதல் வரியில எண்பத்தஞ்சுன்னு போடறாங்க. ரெண்டாவதுல தினமும் ‘இல்லை’ன்னு டிக் பண்றாங்க.”

கனகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரயில் வந்து நிற்கும் ஓசை கேட்டது. “ஒரகடம், ஒரகடம்” என்று ஆட்டோக்காரர்கள் கூவத் தொடங்கினார்கள். அவர் தட்டைத் திறந்து முதல் டம்ளரை என் பக்கம் தள்ளினார். அதன் வயிற்றை முழு உள்ளங்கையாலும் பற்றிக்கொண்டு எண்ணினேன். ஏழு வரை எண்ண முடிந்தது. குடித்தேன்.